650 சிடி, ஒரு பழைய ஆம்ப்: ஸ்ட்ரீமர் வாங்கலாமா, சர்வர் வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு 66 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். சுமார் 650 சிடிக்கள் வைத்திருக்கிறேன். பாதி கர்நாடக சங்கீதம், மீதி பழைய சினிமாப் பாட்டு. 2003ல் வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் இன்னும் ஓடுகின்றன. சிடி பிளேயர்தான் தகராறு. சில சிடிகளை எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர், சிடியைச் செருகினால் தானே பதிந்துகொள்ளும் ‘மியூசிக் சர்வர்’ ஒன்றைக் காட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார். அமெரிக்காவில் இருக்கும் மகன், ‘ஒரு ஸ்ட்ரீமர் வாங்கி, கோபஸ்னு இணையத்தில பாட்டு தர்ற சேவைக்குச் சந்தா கட்டினால் போதும், சிடியெல்லாம் எதுக்குப்பா’ என்கிறான். என்னால் அறுபதாயிரம் வரை போட முடியும். வீட்டில் இருப்பவை ஆண்ட்ராய்டு போன்கள். கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு. மகன் விட்டுப்போன விண்டோஸ் லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. இது தவிர ஒரு பெட்டி கேசட்டும் உண்டு: ரேடியோக் கச்சேரிகள், என் அம்மா மார்கழியில் பாடியது. எதை வாங்கலாம்?

பதில்:

வணக்கம் சார். கடைக்காரரும் உங்கள் மகனும் அவரவர் இடத்திலிருந்து சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் சிடி அலமாரியை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக வீடுகளில் ஆடியோ பொருத்திக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அலமாரியைத்தான் பார்க்கிறேன், பெட்டியைப் பற்றிய பேச்சு அப்புறம்தான்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றி இருக்கிற வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் கவலை இல்லை. நுரையாக இருந்தால், இருபது வருஷத்தில் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது பொடிந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். விரலில் கறுப்பாகத் தூள் ஒட்டினால் உங்கள் அறுபதாயிரத்தில் முதல் செலவு அங்கேதான். வளையத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் எந்த ஸ்ட்ரீமரை வைத்தாலும் கேட்பது கிழிசல்தான்.

சிடி பிளேயரையும் உடனே ஓரங்கட்ட வேண்டாம். சில சிடியைப் படிக்கிறது, சிலதைப் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் லென்ஸில் தூசு படிந்திருக்கும், இல்லையென்றால் லேசர் பலவீனமாகியிருக்கும். பழகிய மெக்கானிக் ஒருவர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பாதி பிளேயர்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். எழவில்லை என்றால் பிக்கப், அதாவது லேசரும் லென்ஸும் சேர்ந்த பகுதியை, மாற்ற வேண்டும். பல கம்பெனி பிளேயர்களுக்குள்ளே இருப்பது ஒரே மாதிரி பிக்கப்தான். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

சரி, ஸ்ட்ரீமர், சர்வர் என்கிற இந்த இரண்டு வார்த்தைகள். கடைகளில் இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லிக் குழப்புகிறார்கள். ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குடோன். கல்லாவில், எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அண்ணாச்சி. பொட்டலத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் பையன். பாட்டு ஃபைல்கள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்தான் குடோன். அவற்றை வரிசைப்படுத்தி, கேட்டதை எடுத்துக் கொடுக்கிற மென்பொருளும் அது ஓடுகிற கம்ப்யூட்டரும் சர்வர், அதாவது அண்ணாச்சி. வாங்கி, ஒலியாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிற பையன் ஸ்ட்ரீமர். ஸ்பாட்டிஃபை மாதிரி சேவைகளில் குடோனும் அண்ணாச்சியும் எங்கோ வெளியூரில் இருக்கிறார்கள், பையன் மட்டும் உங்கள் வீட்டில். கடைக்காரர் காட்டிய பெட்டியில் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே.

அப்படி ஒரே கூரையில் இருப்பது வசதிதானே என்று தோன்றும். வசதிதான். ஆனால் இந்த மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. ஹார்ட் டிஸ்க் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். மென்பொருளுக்குக் கம்பெனி மனசு வைக்கிற வரை அப்டேட் வரும். ஒலியாக மாற்றும் பகுதி மட்டும் பதினைந்து வருஷம் உழைக்கும். ஒன்று போனால் பெட்டியோடு சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். பல ஆயிரம் சிடி, நாலைந்து அறையில் ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் வாசனையே கூடாது என்கிற வீடுகளுக்கு நானே அந்த மாதிரிப் பெட்டியைப் பரிந்துரைத்திருக்கிறேன். உங்களுக்கு அது தேவையில்லை. பட்ஜெட்டும் இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டியின் பெரிய கவர்ச்சி, சிடியைச் செருகினால் தானே பெயர், படம் எல்லாம் வந்துவிடும் என்பது. அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெரும்பாலான சிடிகளுக்குள் பாட்டின் பெயரே எழுதியிருக்காது. எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்கிற கணக்கைத்தான் கருவி படிக்கிறது. அந்தக் கணக்கை இணையத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ‘இது இன்ன சிடியாக இருக்கும்’ என்று ஊகிக்கிறது. பதினைந்து டிராக் உள்ள ஆங்கில ஆல்பத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கச்சேரி சிடியில் ஐந்தாறு டிராக்தான் இருக்கும். டிராக் குறையக் குறைய ஆள் மாறாட்டம் நடக்க வாய்ப்பு அதிகம். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டு முதல் சிடியைப் போட்டோம். அருமையான வயலின் கச்சேரி. திரையில் ஏதோ ஜெர்மன் பாப் குழுவின் படமும் பாட்டுப் பெயர்களும் வந்து நின்றன. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று அவர் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

மகன் சொன்ன வழிக்கு வருகிறேன். கோபஸ் நல்ல சேவை, சந்தேகமே இல்லை. ஆனால் அது இந்தியாவில் கிடையாது. டைடலும் அப்படித்தான். வெளிநாட்டு விமர்சனங்களில் ‘இந்த ஸ்ட்ரீமரில் கோபஸ் உண்டு, டைடல் உண்டு’ என்று பாராட்டியிருப்பதெல்லாம் நமக்கு ஏட்டுச் சுரைக்காய். இங்கே சிடி தரத்துக்குக் குறையாமல் கேட்க ஆப்பிள் மியூசிக் 2021லிருந்தே லாஸ்லெஸ் தருகிறது. ஸ்பாட்டிஃபை ரொம்ப நாள் இழுத்தடித்து 2025ல்தான் லாஸ்லெஸ் பக்கம் வந்தது. எந்தத் திட்டத்தில் அது அடங்கும் என்று சந்தா கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டைத் தேடிக் கேட்க, பேரன் பேத்தி வந்தால் அவர்களுக்குப் போட, ஒரு சந்தா இருப்பது நல்லதுதான்.

ஆனால் அதை நம்பி சிடியைக் கைவிடாதீர்கள். இன்று இருக்கிற ஆல்பம் உரிமை கைமாறினால் நாளைக்கு இருக்காது. இருந்தாலும், பழைய படப் பாட்டு சில சமயம் ‘ரீமாஸ்டர்’ என்ற பெயரில் ஒலியை இறுக்கி, சத்தத்தைத் தூக்கி வைத்த வடிவில்தான் கிடைக்கும். உங்களிடம் இருக்கிற பழைய சிடியில் தபேலாவுக்கும் வயலினுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கும். கேட்டுப் பழகிய காதுக்கு அது தெரியும்.

‘ஹை ரெசல்யூஷன்’ என்று கடையில் பேச்சு எடுப்பார்கள். உங்கள் சிடிகள் எல்லாம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். விநாடிக்கு 14 லட்சம் பிட் சொச்சம். மனிதக் காது கேட்கும் எல்லைக்கு அது போதும். 192 கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டும் ஸ்ட்ரீமரை வாங்குவதில் தப்பில்லை, இன்றைக்கு விலை குறைந்தவை கூட ஓட்டுகின்றன. அந்த எண்ணுக்காக மட்டும் முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது பெட்டி. உங்கள் ஆம்ப்ளிஃபையர் 2003 மாடல் என்பதால் டிஜிட்டல் உள்ளீடு இருக்க வாய்ப்பு குறைவு. பின்னால் சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் ஆக்ஸ் என்றோ டேப் என்றோ காலியாக இருக்கும். அதில் செருக ஸ்ட்ரீமருக்குள்ளேயே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் பகுதி, அதாவது டிஏசி, வேண்டும். அடுத்து, ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகச் செருக யூஎஸ்பி ஓட்டை வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில ஸ்ட்ரீமர்களின் யூஎஸ்பி ஓட்டை வெளியே உள்ள டிஏசிக்குச் சிக்னல் கொடுக்க மட்டும்தான். டிஸ்க்கைச் செருகினால் கண்டுகொள்ளாது. வேறு சில டிஸ்க்கைப் படிக்கும், ஆனால் ஃபோல்டர் ஃபோல்டராகத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது டிஸ்க்கைப் படித்து, பாடகர், ஆல்பம், இசையமைப்பாளர் என்று தானே அட்டவணை போட்டுக்கொள்கிற வகை. அது இருந்தால் தனியாக ஒரு சர்வரே வேண்டாம். அண்ணாச்சி வேலையையும் பையனே பார்த்துவிடுவான்.

இந்த அளவுகோலில் உங்கள் தொகைக்குள் நான் பார்ப்பது வீம் அல்ட்ரா என்கிற ஸ்ட்ரீமர். 2024ல் வந்தது. டிஏசி உள்ளே இருக்கிறது, யூஎஸ்பி டிஸ்க்கைப் படிக்கிறது, சின்னத் தொடுதிரை இருக்கிறது, கையில் பிடிக்க ரிமோட்டும் உண்டு. கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் இரண்டும் உண்டு. ஒரு குறை, ஆப்பிளின் ஏர்ப்ளே இதில் கிடையாது. அதே கம்பெனியின் விலை குறைந்த புரோ மாடலில் அது இருக்கிறது என்பது வேடிக்கை. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன்கள் என்பதால் இது உங்களை உறுத்தாது. மகன் ஐபோனோடு வந்தால் புளூடூத்தில் சமாளித்துக்கொள்ளட்டும். இன்னொரு படி மேலே போனால் புளூசவுண்ட் நோட். அதிலும் யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகலாம், அதன் செயலி வயதானவர்கள் கைக்கும் அடங்கும். விலைதான் உங்கள் எல்லையைத் தாண்டும். ராஸ்ப்பெரி பை என்கிற கையகலக் கம்ப்யூட்டர், அதில் லிரியன் என்கிற இலவச சர்வர் மென்பொருள் என்று நான் என் வீட்டில் வைத்திருக்கும் கூட்டணி எல்லாவற்றையும் விட மலிவு, எனக்குச் செல்லமும் கூட. ஆனால் ஒருநாள் ராத்திரி பாட்டு வரவில்லை என்றால் கமாண்ட் அடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

வீம் அல்ட்ராவின் பின்னால் ஒரு எச்டிஎம்ஐ ஓட்டையும் உண்டு. டிவியின் ‘ஆர்க்’ என்று எழுதிய ஓட்டையோடு இணைத்தால் டிவி சத்தம் உங்கள் நல்ல ஸ்பீக்கரில் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்பதாயிரத்துக்கு எதை வாங்கினாலும் வீட்டில் ஒரு கேள்வி வரும். நான் பொருத்திய பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது இந்த ஒரு ஒயர்தான்.

வாங்குவதற்கு முன் கடையில் ஒரு சோதனை செய்தே தீர வேண்டும். கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக், தனி ஆவர்த்தனம் இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். ஆனால் தம்பூரா நடுவில் நிற்பதில்லையே. சிடி பிளேயரில் அது ஒரே நீரோட்டமாகப் போகும். சில ஸ்ட்ரீமர்களில், சில வழிகளில் ஓட்டும்போது, டிராக் மாறுகிற இடத்தில் அரை விநாடி ‘டக்’கென்று நிசப்தம் விழும். சினிமாப் பாட்டில் அது தெரியாது. கச்சேரியில் யாரோ தம்பூராவின் தந்தியைக் கையால் அமுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு வாடிக்கையாளர் இதைச் சகிக்க முடியாமல் வாங்கிய பெட்டியைப் பத்தே நாளில் பாதி விலைக்கு விற்றார். அதனால் லேப்டாப்பில் ஒரே ஒரு கச்சேரி சிடியை ஃபைலாக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். ‘கேப்லெஸ் வருகிறதா, போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அதே பென் டிரைவில் பாட்டுப் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு ஃபைலும் இருக்கட்டும். சில கருவிகளின் திரையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். போன் செயலியில் சரியாக வரும், பெட்டியின் திரையில் வராது. இதெல்லாம் கடையிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

இப்போது சொல்லப்போவதுதான் பெரிய வேலை. காசு அதிகம் ஆகாது, பொறுமைதான் செலவாகும். சிடிகளை ஃபைலாக மாற்றுவது.

லேப்டாப்போடு செருக யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்கிற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் அமைப்புகளைச் சரிசெய்ய மட்டும் தெரிந்த பையன் யாரையாவது உட்கார வையுங்கள், அதற்கப்புறம் இரண்டு பொத்தான் வேலைதான். இது கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். உலகத்தில் மற்றவர்கள் அதே சிடியைப் படித்த கணக்கோடு ஒப்பிட்டு, பிழை இல்லை என்றும் சொல்லும். நம் தமிழ் சிடிகள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்ற வழியில் போனால் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும். ஒத்துப்போனால் நம்பலாம்.

ஃபைல் வகை ஃப்ளாக். எம்பி3 வேண்டாம். ஃப்ளாக் என்பது துணியை மடித்து வைப்பது மாதிரி, பிரித்தால் அதே துணி. எம்பி3யில் கொஞ்சம் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஒரு மணி நேர சிடி 635 எம்பி இருக்கும், ஃப்ளாக்கில் சுமார் 350க்கு வந்துவிடும். 650 சிடிக்கும் சேர்த்து 250 ஜிபியைச் சுற்றி வரும். ஒரு டிபி டிஸ்க் தாராளம். கடைக்காரர் நாலு டிபி வேண்டும் என்பார், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது பெயர் எழுதுவது, டேக் என்பார்கள். நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கோயம்புத்தூரில் ஒருவர் பாடகர் பட்டியலைத் திறந்து காட்டினார். இளையராஜா ஏழு பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒருவருக்கு ஓர் ‘ஏ’ குறைவு, ஒருவருக்கு ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’, ஒருவருக்குப் பின்னால் ஒரு புள்ளி, ஒருவர் ‘மேஸ்ட்ரோ’ பட்டத்தோடு. மெஷினுக்கு ஏழும் ஏழு ஆள்கள். ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகச் சிதறிக் கிடந்தது. காரணம், ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்கிற கட்டம் காலி.

அதனால் முதல் சிடியைப் போடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் விதியை எழுதிக்கொள்ளுங்கள். சினிமா என்றால் ஆல்பத்தில் படத்தின் பெயரும் வருஷமும், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட்டில் பாடியவர்கள். கச்சேரி என்றால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் பிரதானக் கலைஞர், கம்போஸர் கட்டத்தில் இயற்றியவர், பாட்டின் பெயரோடு ராகம், தாளம். பக்கவாத்தியக்காரர்களை ‘கமெண்ட்’ கட்டத்தில் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். தமிழா ஆங்கிலமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எழுத எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும். பெயர் எம்பி3 என்று இருந்தாலும் ஃப்ளாக்குக்கும் அதுதான்.

நான் கண்டுபிடித்து மகிழ்ந்த ஒரு குறுக்குவழியும் உண்டு. ‘ஜான்ரா’ என்றொரு கட்டம் இருக்கும். வெளிநாட்டுக்காரர் அதில் ராக், ஜாஸ் என்று எழுதுவார். நம் கச்சேரிக்கு இணையத்திலிருந்து அதுவாக ‘வேர்ல்டு மியூசிக்’ என்று வந்து உட்காரும். உலகத்தில் எந்த மியூசிக் வேர்ல்டு மியூசிக் இல்லையோ தெரியவில்லை. அதை அழித்துவிட்டு அங்கே ராகத்தின் பெயரை எழுதுங்கள். பெரும்பாலான செயலிகளில் ஜான்ரா வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அதைத் திறந்து ‘தோடி’ என்று தொட்டால், உங்கள் அலமாரியில் இத்தனை வருஷம் தனித்தனி டப்பாவில் அடைந்து கிடந்த தோடிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். எந்த விலை சர்வரும் தானாக இதைச் செய்து தராது.

ஒரு சிடிக்குப் படிக்க, பெயர் எழுத எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தினம் நாலு சிடி என்றால் ஐந்தரை மாதம். மலைக்க வேண்டாம், அடிக்கடி கேட்கும் ஐம்பதை முதலில் முடித்துவிட்டால் மீதியைக் காலைக் காப்பியோடு பார்த்துக்கொள்ளலாம். ஆளை வைத்துச் செய்து வாங்குவதும் உண்டு. ஆனால் ராகம் தெரியாத பையன் எழுதிய பெயரைத் திருத்த, நீங்களே எழுதுவதை விட அதிக நேரம் ஆகும்.

இவ்வளவு உழைத்ததை ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானூறு சிடியை மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். மேஜை விசிறியின் ஒயர் காலில் மாட்டி, விசிறியோடு டிஸ்க்கும் தரைக்கு வந்தது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. அதற்கப்புறம் அது ‘டிக் டிக்’ என்று மட்டும்தான் சொன்னது. நானூறையும் முதலிலிருந்து போட்டேன். ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஸ்ட்ரீமரில் நிரந்தரமாகச் செருகி வைக்க ஒரு எஸ்எஸ்டி, அதாவது உள்ளே சுழலும் தட்டு இல்லாத டிஸ்க், அது மின்சாரமும் குறைவாக எடுக்கும், சத்தமும் போடாது. நகலுக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க். மாதம் ஒரு தடவை நகல் எடுத்துவிட்டு அதைப் பீரோவில் வையுங்கள், செருகியபடியே விடாதீர்கள். இடி இறங்கினால் செருகியிருக்கிற இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு ‘இதுவே பேக்கப்’ என்று விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ரூட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வையுங்கள். கரண்ட் போய் வரும்போது ரூட்டர் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும். அதற்குள் ஸ்ட்ரீமர் எழுந்து, நெட்வொர்க்கைக் காணோம் என்று முழிக்கும். பாதி ‘ரிப்பேர்’ அழைப்புகளுக்கு நான் போய்ச் செய்வது ஸ்ட்ரீமரை ஒருமுறை அணைத்துப் போடுவது மட்டும்தான். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் வைஃபையை விட லேன் ஒயர் நல்லது. சாதாரண லேன் ஒயர், சார். சிடி தரத்துக்கு விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் கூடத் தேவையில்லை. வழியில் ஏதாவது தவறினால் நெட்வொர்க்கே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ‘ஆடியோ லேன் கேபிள்’ என்று நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

கேசட்டைக் கடைசியில் எழுதுகிறேனே தவிர, நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது அதைத்தான். கடையில் வாங்கிய சிடி தொலைந்தால் எங்காவது இன்னொன்று கிடைக்கும். உங்கள் அம்மாவின் குரல் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்குங்கள். யூஎஸ்பியோடு கையகலத்துக்கு விற்கிற கேசட் பிளேயர் வேண்டவே வேண்டாம், அதில் ஓடும் வேகமே சீராக இருக்காது. டெக்கின் லைன் அவுட்டை ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள். நாடா ஓடுகிற நேரம் முழுக்க உட்கார வேண்டும், வேறு வழியில்லை. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று உடனே கை வைக்காதீர்கள், முதலில் உள்ளது உள்ளபடி ஃப்ளாக்காகச் சேமித்து இரண்டு டிஸ்க்கிலும் போட்டுவிடுங்கள். டெக்கில் போடுவதற்கு முன், கேசட்டின் பின்பக்க விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் உடைத்து எடுத்துவிடுங்கள். அப்புறம் யார் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அது இறங்காது.